கையெழுத்தில்லாத குரல்

அப்டேட் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவனை ஒரே ஒரு வாரம் என் கண்ணை வைத்துக்கொண்டு வாழச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவனிடம் எனக்குப் பேச வேண்டியது ஒன்றும் இருக்காது.

எனக்குப் பார்வை கிடையாது, பிறவியிலேயே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கதையில் யாராவது உச்சுக்கொட்டுவார்கள், அது எனக்கு ஆகாது. பேர் யூனிஸ். குடியிருப்பது பாளையங்கோட்டையில், வேலை ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக. வீட்டுக்காரர் ஹெப்ரான், ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க். மகள் ரீபா கோயம்புத்தூரில் நர்ஸ். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், கம்ப்யூட்டரையும் ஆளாகச் சேர்த்தால் மூன்று.

சேர்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் அது பேசும். திரையில் வரும் எழுத்தையெல்லாம் வாசித்துச் சொல்லும் ஏற்பாடு ஒன்று அதில் உண்டு. இங்கிலீஷ் வாசிக்க எத்தனையோ குரல் கிடைக்கும். நான் கம்ப்யூட்டர் வாங்கிய காலத்தில் தமிழ் வாசிக்க உருப்படியான குரல் ஒன்றுகூட இல்லை. நாகர்கோவில் பக்கம் தாணுமாலையன் என்று ஒருவர், டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பார்வையில்லாத தன் மைத்துனனுக்காகச் சொந்தக் குரலையே துண்டு துண்டாகப் பதிந்து ஒரு தமிழ்க் குரலைச் செய்தார். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் கிடைத்தது. கொஞ்சம் சளி பிடித்த குரல். ஆனால் ழகரத்தை என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. நான் அந்தக் குரலைத் தாணு சார் என்றுதான் சொல்வேன். நிஜமான தாணு சார் மூன்று வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். கம்ப்யூட்டரில் இருந்தவர் பாட்டுக்கு எனக்கு வினாத்தாள் வாசித்துக்கொண்டிருந்தார்.

வினாத்தாள் மட்டும் இல்லை. 'ஓல்ட் கொஸ்டின் பேப்பர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். அதற்குள் ஒரு வினாத்தாளும் கிடையாது. பதினோரு வருஷமாக நான் எழுதிய டைரி அது, மாதத்துக்கு ஒரு ஃபைல். பிரெய்லில் எழுதினால் ஊசி குத்தும் சத்தம் அடுப்படிவரை கேட்கும். "இவ்வளவு நேரமா என்னத்தட்டி குத்துத?" என்று வீட்டுக்காரர் வந்து நிற்பார். கம்ப்யூட்டரில் அந்தத் தொல்லை இல்லை. காதில் ஹெட்போன் இருக்கும். திரையை நான் எப்போதும் அணைத்தே வைத்திருப்பேன், எனக்கு எதற்கு வெளிச்சம்? பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்தாலும் கறுப்புக் கண்ணாடியைத்தான் பார்க்க முடியும். எனக்கென்று ஒரு அலமாரி, ஒரு டப்பா, ஒரு பர்ஸ் எதுவும் இந்த வீட்டில் கிடையாது. எல்லாவற்றிலும் அவர் கை பட்டிருக்கும், அவர் எடுத்துக் கொடுத்துத்தான் எனக்கு வரும். அந்த ஃபோல்டர் ஒன்றுதான் நானே பூட்டி நானே திறக்கிற இடம்.

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் போனால் எனக்கே பொறுக்காது. இருபத்தாறு வருஷத்தில் என்னை ஒரு தடவைகூடச் சத்தம் போட்டதில்லை. ஆனால் அந்த ஃபோல்டரில் இருந்த ஒரு விஷயத்தை அவர் வாசிக்கவே கூடாது என்று இருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. கடைசி நாள் அசனம், சபையே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பந்தியின் கோடியில், சமையல் பந்தலை ஒட்டி என்னை உட்கார வைத்துவிட்டு அவர் பரிமாறப் போனார். ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அவரும் எலியேசரும் பேசுவது எனக்குக் கேட்டது. எலியேசர் அவருடைய பழைய சிநேகிதர், எதையும் சத்தம் குறைத்துப் பைய பேசத் தெரியாத மனுஷன்.

"ஏன் வே, வீட்ல எல்லாத்துக்கும் நீர்தானா? எப்படி வே சமாளிக்கீரு?"

"என்ன செய்யச் சொல்லுதீரு? ஆண்டவரு எனக்குன்னு குடுத்த சிலுவ. சொமந்துதானே ஆவணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வாளியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் என் இலைக்கு வந்து, "இன்னுங் கொஞ்சம் சாம்பார் விடட்டா?" என்று கேட்டார். விடுங்கள் என்றேன். சாப்பிட்டு முடித்தேன். வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுதினேன். அவர் சொன்னது ஒரு வரி. அவரைப் பற்றி நான் எழுதியது நாலு பக்கம். அதில் சில வார்த்தைகளை நான் வாயால் சொன்னதே கிடையாது. அவரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் விளையாட்டுக்குச் சொன்னேன் என்பார். விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் அவ்வளவு வலித்தது.

இனி அப்டேட்டுக்கு வருகிறேன். காலாண்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை. கம்ப்யூட்டரைப் போட்டேன். விசிறி சுற்றும் சத்தம் வந்தது, தாணு சார் வரவில்லை. காத்திருந்தேன். ஹெட்போனைப் பிடுங்கி மாட்டினேன். ஸ்பீக்கரைத் தட்டினேன். எந்தப் பட்டனை அமுக்கினாலும் சுவரோடு பேசுகிற மாதிரி இருந்தது. பேச்சு இல்லாத கம்ப்யூட்டர் எனக்கு வெறும் தகரம். அது உயிரோடு இருக்கிறதா, என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டு நிற்கிறதா, எதையாவது அழித்துக்கொண்டிருக்கிறதா, ஒன்றும் தெரியாது. திரையைப் போட்டுவிட்டு என் போனின் கேமராவை அதற்கு நேராகப் பிடித்தேன். எழுத்தை வாசிக்கிற வசதி போனில் உண்டு. அது இங்கிலீஷில், இந்த ஃபைலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று ஒரு வரி வாசித்தது. அடுத்த வரியாகச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பிடித்துக்கொண்டு செப்டம்பர் என்றது. அதோடு அதன் உபகாரம் முடிந்தது.

முருகன்குறிச்சியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜாபேஸைக் கூப்பிட்டேன். என் கம்ப்யூட்டருக்கு அவர்தான் வைத்தியர். அவர் வள்ளியூரில் ஒரு கல்லூரியின் நாற்பது கம்ப்யூட்டருக்கு நடுவில் இருந்தார்.

"செவ்வாக்கெழமதான் வர முடியும் டீச்சர். அண்ணாச்சி வீட்லதான இருக்காங்க? அவங்கள கம்ப்யூட்டர் முன்னால உக்கார வைங்க. நான் போன்ல சொல்லுதேன், அவங்க வாசிக்கட்டும், அமுக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன காரணம் சொல்வது? பார்வையில்லாத பெண்டாட்டிக்குப் பார்வையுள்ள புருஷன் திரையை வாசித்துச் சொல்லக் கூடாது என்றால், அங்கே ஏதோ இருக்கிறது என்று நானே சொன்னதாக ஆகிவிடும்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மேஜைக்கு முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சபையில் வேதபாடம் வாசிக்கிற அதே குரலில், ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தோம்.

"கையெழுத்து சரியில்லங்குது தம்பி. கையெழுத்து இல்லாத பேப்பர நாங்களும் ஆபீஸ்ல வாங்க மாட்டோம்லா."

"அதேதான் அண்ணாச்சி. இவ்வளவு நாளும் தெரிஞ்ச முகம்னு உள்ள விட்டுட்டு இருந்தான். நேத்து வந்த அப்டேட்டு கண்டிப்பான ஆளு. கையெழுத்து இல்லாத ஃபைலு ஒண்ணையும் ஓட விட மாட்டேங்கான். தாணு சார் குரலு சவுண்டு வரைக்கும் கையப் போட்டு வச்சிருக்கும். அதத் தள்ளும்போது சத்தமும் சேந்து போயிட்டு."

"அப்போ கையெழுத்து வாங்கிப் போட்டுருவோம்" என்றேன்.

"செஞ்சவருதான போடணும் டீச்சர்."

செஞ்சவர் மண்ணுக்குள் போய் மூன்று வருஷம். அந்தக் குரலுக்குக் கையெழுத்துப் போட உலகத்தில் ஆள் கிடையாது. எனக்கு ஆத்திரமாக வந்தது. பதினோரு வருஷம் பொய் சொல்லாமல் வாசித்த ஒரு குரலிடம் இன்றைக்கு வந்து, நீ யார், உன் கையெழுத்து எங்கே என்று கேட்கிறார்கள்.

ஜாபேஸ் ஒரு வழி சொன்னார். மறுபடி ஆன் செய்யும்போது ஒரு பட்டியல் வரும், அதில் ஏழாம் நம்பரை அமுக்கினால் கையெழுத்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் உள்ளே விடும். அந்தப் பட்டியலை வரவழைக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் ஒரு தடவை ஆறை அமுக்கிவிட்டார், ஒரு தடவை கண்ணாடியைத் தேடப் போய் நேரத்தை விட்டுவிட்டார். மூன்றாம் தடவை தாணு சார் சளிக்குரலில் "டெஸ்க்டாப்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

"சந்தோசப்படாதீங்க டீச்சர், இது இந்த ஒரு தடவைக்குத்தான். அணைச்சா போயிரும். அதுக்குள்ள வேண்டியத எடுத்து வச்சுக்கோங்க" என்று சொல்லி ஜாபேஸ் போனை வைத்தார்.

வேண்டியது எது என்று எனக்குத் தெரியும். இரண்டு நிமிஷம் போதும், அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டுவிட்டு இங்கே அழித்துவிடலாம். ஆனால் திரை வெளிச்சத்தோடு இருந்தது, அவர் பக்கத்திலேயே இருந்தார்.

"சரியாயிட்டுல்லா, நீங்க போயி பேப்பர் படிங்க" என்றேன்.

"இருக்கட்டும் யூனிஸ். மறுபடி நின்னுட்டுன்னா நீ என்ன செய்வ? நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

திரையை அணைத்திருக்கலாம். அவர் முகத்துக்கு நேரே எப்படி அணைப்பது? அவர் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்து கையில் கொடுத்தார். நான் இரண்டாம் பருவப் பாடக் குறிப்பைத் திறந்து, ஒரு பிரயோஜனமும் இல்லாமல் அதில் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருந்தேன். அவருடைய அன்பைப் போல என்னைக் கட்டிப்போட்ட கயிறு வேறு கிடையாது. இருபது நிமிஷம் போயிருக்கும், தாணு சார் பாதி வார்த்தையில் நின்றார். விசிறி வேகமாகச் சுற்றியது.

"அப்டேட் நடக்கு, அணைக்காதீங்கன்னு போட்டுருக்கு" என்று அவர் வாசித்தார். "முப்பது பெர்சென்ட்... முப்பது... முப்பத்தஞ்சு... ஐயோ, முடியலையாம், மாத்துனத எல்லாம் திருப்பி எடுக்காங்களாம்."

திருப்பி எடுத்து, மறுபடி ஆரம்பித்து, மறுபடி முப்பத்தைந்தில் தோற்று, மறுபடி திருப்பி எடுத்தது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இதே கூத்து. ஏழாம் நம்பர் பட்டியலும் அதற்குப் பிறகு வரவில்லை. ஜாபேஸை மறுபடி கூப்பிட்டோம். சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார்.

"உள்ள இருக்கது?"

"முதல்ல காப்பி எடுத்துருவோம் டீச்சர். ரிப்பேர் பக்கத்துல இருந்து நோட்பேடத் திறக்கலாம். அதுல ஓப்பன் குடுத்தா ஃபோல்டர் எல்லாம் தெரியும். ஒவ்வொண்ணா காப்பி பண்ணிப் பென் டிரைவுல போட வேண்டியதுதான். அண்ணாச்சி, பைய செய்யுங்க, அவசரம் இல்ல."

சபைப் பாடகர் குழுவின் பாட்டுகள் இருந்த பென் டிரைவ் ஒன்று கிடைத்தது. ஃபோல்டர் பேரெல்லாம் நான் இங்கிலீஷில்தான் வைத்திருந்தேன், அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். நான் வேணும், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பாடக் குறிப்பு வேணும். மார்க் பட்டியல் வேணும். பழைய சுற்றறிக்கை வேண்டாம். அவருக்கு இடுப்பு வலி, நாற்காலியில் அசைவது கேட்டது.

"ஓல்ட் கொஸ்டின் பேப்பர்ஸ். இது பழசுதான, விட்டுருவோம்."

"வேணும்."

நான் சொன்ன வேகத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மவுஸ் சத்தம் நின்றது.

"பழைய வினாத்தாளுக்கா இந்தப் பாடு?"

"பிள்ளைங்களுக்கு மாடலுக்கு வேணும்ங்க."

பொய் சொன்னால் என் குரல் மெலியும். அது அவருக்குத் தெரியும். அவர் மறுபடி மவுஸை நகர்த்தினார், டக் டக்கென்று இரண்டு சத்தம் கேட்டது.

"ஏ, என்னமோ திறந்துட்டு" என்றார்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நான் என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் எதிரில் என் டைரி திறந்து கிடக்கிறது, என் புருஷன் அதன் முன்னால் இருக்கிறார், எனக்குக் கேட்பதெல்லாம் அவர் மூச்சு மட்டும்தான். மூடுங்கள் என்று சொன்னால் ஏன் என்று வரும். சும்மா இருந்தால் வாசிப்பார். எந்தப் பக்கமும் ஒரு அடி எடுத்து வைக்க எனக்கு இடமில்லை.

"என்னங்க போட்டுருக்கு?"

"ஒண்ணும் புரியலட்டி. கட்டம் கட்டமா இருக்கு, எழுத்தே இல்ல."

"அங்கன தமிழ் எழுத்து வராது அண்ணாச்சி" என்று போனில் ஜாபேஸ் சொன்னார். "ரிப்பேர் பக்கத்துல தமிழ் ஃபாண்ட் கிடையாது. ஃபைலுக்கு ஒண்ணும் ஆகல. மூடிட்டு காப்பி பண்ணுங்க."

அந்தக் கட்டங்களுக்காக ஆண்டவருக்கு ஆயிரம் ஸ்தோத்திரம் சொன்னேன். எல்லாம் காப்பியாகி முடிந்ததும், "பென் டிரைவ என்கிட்ட குடுங்க" என்று கையை நீட்டினேன்.

"நீ எங்கயாவது வச்சுட்டுத் தேடுவ. என் சட்டப்பையில பத்திரமா இருக்கட்டும். செவ்வாக்கெழம ஜாபேஸ் கையில குடுத்துருதேன்."

நீட்டின கை சும்மா திரும்பி வந்தது. வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் என் பக்கத்தில் நின்று பாடினார். பென் டிரைவ் அவருடைய வெள்ளைச் சட்டைப் பையில் இருக்கிறதா, வீட்டில் கழற்றிப் போட்ட சட்டையில் இருக்கிறதா என்பதுதான் பிரசங்கம் முடிகிறவரை என் நினைப்பு. வீட்டுக்கு வந்ததும் அவர் குளிக்கப் போன நேரத்தில் கொடியில் கிடந்த சட்டைகளைத் தடவிப் பார்த்தேன். ஒன்றில் பேனா, ஒன்றில் பஸ் டிக்கெட். "என்ன தேடுத?" என்று குளியலறை வாசலில் இருந்து கேட்டார். துவைக்க எடுக்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை, அவருக்கு ஆபீஸ் உண்டு. பென் டிரைவ் அவரோடு போயிற்று. பள்ளிக்கூட ஆபீஸில் கம்ப்யூட்டர் இருக்கிறது, தமிழ் எழுத்தும் இருக்கிறது. பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஒரு தடவை போன் செய்தேன். "என்ன யூனிஸ்?" என்றார். மத்தியானம் சாப்பிட்டீர்களா என்று கேட்டு வைத்துவிட்டேன். சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வந்தார். காபியைக் குடித்துவிட்டு டம்ளரை அவரே கழுவி வைத்தார். அது புதிது. டிவியில் செய்தி போடவில்லை. இடுப்பு வலி என்று அவர் சொன்னார், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஜாபேஸ் வந்து, நாலு மணி வரைக்கும் இருந்து எல்லாம் செய்தார். அழித்தார், புதிதாக ஏற்றினார், என் ஃபைலையெல்லாம் பழைய இடத்தில் போட்டார். தாணு சாரை மட்டும் உள்ளே விட முடியவில்லை. பாதுகாப்பு முழுவதையும் கழற்றிப் போட்டால் விடலாமாம், பிறகு கண்ட கண்ட வைரஸ் வருமாம், அடுத்த அப்டேட்டில் மறுபடி இதே கதையாம். அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு பெண் குரல் போட்டார். கையெழுத்துள்ள குரல். தமிழ் நன்றாகவே வாசிக்கிறது. பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் செய்கிறவள் மாதிரி எல்லாவற்றையும் ஒரே மகிழ்ச்சியோடு வாசிக்கிறது.

"தாணு சார் குரலு இந்த பென் டிரைவுல இருக்கு டீச்சர். வச்சுக்கோங்க. ஓடாது, ஆனா இருக்கும்" என்று சொல்லி அதை என் கையில் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார்.

திரையை அணைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலில் அந்த ஃபோல்டரைத்தான் திறந்தேன். நூற்று முப்பத்திரண்டு ஃபைல், ஒன்றும் குறையவில்லை. அசனத்து மாதத்தைத் திறந்து நாலு வரி கேட்டேன். என் ஆத்திரத்தை அந்தப் பெண் சிரித்த வாயோடு வாசித்தாள். மூடிவிட்டேன். மூன்று நாள் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. வீணாகப் பயந்தோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். கல்யாணமான நாளில் இருந்து ஒரு நாள் தப்பியதில்லை. ஒரு பாட்டு, ஒரு வேதபாடம், பிறகு இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் முழங்கால் போடுவோம். முதலில் அவர் வாய்விட்டு ஜெபிப்பார், அவர் முடித்ததும் நான் ஜெபிப்பேன். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசுவது கிடையாது. முடிவில் ஆமென் சொல்லி எழும்பிவிடுவோம்.

அன்றைக்கு அவர் ரீபாவின் நைட் டூட்டிக்காக ஜெபித்தார். மழைக்காக ஜெபித்தார். ஜாபேஸின் கைகளுக்காகவும் கம்ப்யூட்டருக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னார். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. வழக்கமாக அந்த இடத்தில் முடித்துவிடுவார். அன்றைக்கு முடிக்கவில்லை.

"ஆண்டவரே, நான் பாவி. அசனத்தன்னைக்கு நாலு பேரு சிரிக்கணும்னு உம்ம பிள்ளைய நான் சிலுவைன்னு சொல்லிட்டேன். அவ அத ரெண்டு வருசமா மனசுக்குள்ள வச்சு அழுதிருக்கா. எனக்குத் தெரியாமப் போச்சு ஆண்டவரே. என்னைய மன்னியும்."

முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சிலுவை என்ற வார்த்தை மட்டும் காதில் நின்றது. பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. திங்கட்கிழமை, ஆபீஸ், கழுவி வைத்த டம்ளர். அவர் குரல் உடைந்திருந்தது. நிஜமாகவே அழுதார், அதில் சந்தேகம் இல்லை. நூற்று முப்பத்திரண்டு ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டோம் என்பதற்காக அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைத் தப்பென்றே நினைக்கவில்லை போலும். வீட்டில் எல்லாவற்றையும் எனக்காகத் திறந்து திறந்து, இதையும் அதுபோல ஒரு டப்பா என்று திறந்திருக்கிறார்.

அவர் சிலுவை என்று சொன்ன அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அன்றைக்கு எலியேசரிடம் சொன்னார், நான் இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். இன்றைக்கு ஆண்டவரிடம் சொல்கிறார், அதையும் நான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன். இரண்டு தடவையும் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அவர் முடித்துவிட்டார். இனி என் முறை. ஜெபத்தில் இருக்கிற மனுஷனிடம் சண்டை போட முடியாது. அழுகிறவரை அதட்டவும் முடியாது. மன்னித்தேன் என்று சொல்லலாம் என்றால், என்னிடம்தான் யாரும் கேட்கவே இல்லையே. கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆண்டவரே" என்றேன். "இவங்க எதுவரைக்கும் வாசிச்சாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லும்."

தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. குடும்ப ஜெபத்தில் இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் குறுக்கே பேசினார்.

"முழுசும்" என்றார்.

பதினோரு வருஷம். அவருடைய அம்மாவைப் பற்றி எழுதியது, ரீபாவைப் பற்றி எழுதியது, இவரைக் கட்டாமல் இருந்திருந்தால் என்று ஓர் ஆடி மாதம் முழுக்க எழுதினது, எல்லாவற்றையும் ஒரு பகலில் வாசித்திருக்கிறார். அதில் சிலுவை ஒன்றுக்குத்தான் ஆண்டவரிடம் வந்து நிற்கிறார். மற்றதற்கு அவர் என்ன நினைத்தார், எங்கே சிரித்தார், எங்கே கோபப்பட்டார், எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. என்னைப் பற்றி அவருக்கு இனிமேல் தெரியாதது ஒன்றும் இல்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவர் வாயால் சொன்னது மட்டும்தான்.

ஆமென் சொன்னால் ஜெபம் முடிந்துவிடும். எழும்பி, அடுப்பைப் பற்றவைத்து, அவருக்குத் தோசை வார்க்க வேண்டியதுதான். நாளைக்கும் அதற்கு மறுநாளும் அப்படித்தான். எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. முழங்கால் கடுத்தது. பக்கத்தில் அவரும் எழும்பாமல் என் ஆமெனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.